எண்பது போதும் என்றவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாளே கூடுவாஞ்சேரியிலிருந்து போன் வரும். "என் பேரப் போட்டு ஊருக்கெல்லாம் சொல்லிகினு கீறியா?" என்று ஆரம்பித்தாரென்றால் லேசில் முடியாது. ஆகவே அக்கா என்றே சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட வயதில் மூத்தவரான சங்கத் தலைவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மாடம்பாக்கத்தில் வீடு வாங்கி நாங்கள் குடிவந்தது நல்ல கோடையில். சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், மதிலை ஒட்டி, சிமெண்ட் விளிம்பு கட்டிய ஒரு சின்னக் குழி. நடுவில் ஓர் இரும்புக் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தக் குழிக்குள் ஒரு வாளித் தண்ணீரைப் பொறுமையாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாவம், செத்துப்போன செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க" என்றார் என் கணவர் மெதுவாக. நான் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். அவர் திரும்பிச் சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அது எர்த் குழி என்பது பிறகுதான் தெரிந்தது. ஒயரில் ஏதாவது கோளாறு என்றால் மின்சாரம் ஆளைத் தாக்காமல் பூமிக்குள் இறங்கிப் போவதற்காக, கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய். மண் காய்ந்து போனால் அது வேலை செய்யாது. அதனால்தான் கோடை முழுக்க அக்காவின் அந்த வாளித் தண்ணீர்.

நாங்கள் மின்சாரக் கார் வாங்கியபோது அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. செல்போன் மாதிரிதானே, சொருகினால் ஏறும் என்று நினைத்திருந்தோம். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாதாரண பிளக்கிலிருந்து ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியை இழுத்து, அதில் வண்டியைச் சொருகிவிட்டு மேலே வந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தார். கையில் எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டி.

"இத்தத் தொட்டுப் பாரு."

தொட்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது.

"இதுல மிக்ஸி போடு, பேன் போடு, நான் கேக்கமாட்டேன். கார் போடுவியா? கீழ எத்தினி வண்டி நிக்குது, எத்தினி பெட்ரோல் டேங்க் கீது, பாத்தியா?"

"தெரியாதுக்கா. கடைக்காரர் எதிலயும் சொருகலாம்னார்."

"அவுரு வித்துட்டுப் போயிட்டாரு. நீதான இங்க குடியிருக்கப் போற?"

அடுத்த நாளே எலக்ட்ரீஷியன் வந்தார். அக்காதான் வரச்சொல்லியிருந்தார். எங்கள் மீட்டரிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயர், வண்டிக்கென்றே ஒரு பெரிய பிளக், கோளாறு என்றால் தானே அணைந்துவிடும் ஒரு சுவிட்ச், அந்த எர்த் குழியிலிருந்து ஒரு பச்சை ஒயர். எலக்ட்ரீஷியன் எங்களைக் கேட்காமல் அக்காவைக் கேட்டே எல்லாம் செய்தார். முடிந்ததும் வண்டியைச் சொருகச் சொல்லி, சார்ஜ் ஏறி வரும்வரை அக்கா அங்கேயே நின்றார். பிறகு புறங்கையைப் பிளக்கின் மேல் வைத்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி, கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு.

"இப்ப சரி" என்றார்.

புறங்கையால் சூடு பார்ப்பது அவருக்குப் பேச்சு மாதிரி. கார் நிறுத்துமிடத்தைக் கடந்து போனால் சொருகியிருக்கும் ஒவ்வொரு பிளக்கிலும் அந்தக் கை ஒரு நொடி தங்கிவிட்டுத்தான் போகும். விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் நெற்றியில் தங்கும். யாராவது போனில் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு முடிகிறவரை காத்திருந்து போனை வாங்கித் தொட்டுப் பார்ப்பார். "இன்னா இப்டிக் கொதிக்குது? தலகாணிக்கு அடியில வெச்சுகினு சார்ஜ் போட்டியா?" என்பார். அநேகமாக அது உண்மையாகவும் இருக்கும்.

அவருடைய வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன மின்சாரக் கார். யாரோ டாக்ஸியாக ஓட்டித் தேய்த்த வண்டியை அக்காவின் கணவர் வாங்கினார். தினமும் வேக சார்ஜரில் போட்டு, நூறு சதவீதம் வரை ஏற்றி, வெயிலில் நிறுத்தி, பேட்டரியின் உயிரில் கணிசமான பகுதியை முந்தைய ஆட்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். புதிதில் ஓடியதில் பாதி தூரம்தான் அது ஓடும்.

அப்படிப்பட்ட வண்டியை ஏன் வாங்கினார்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"அவுருக்கு கிட்னி போயிடுச்சு. வாரத்துல ரெண்டு மூணு தபா குரோம்பேட்ட ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகணும். ஆட்டோல போனா அந்தப் புகை, குலுக்கல், வழியெல்லாம் வாந்தி. ஒரு தபா இந்த மாதிரி டாக்ஸி வந்துது. வூடு வர்ற வரைக்கும் தூங்கிகினே வந்தாரு. அப்பவே சொல்லிட்டாரு, இதான் நம்ம வண்டின்னு."

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர் கணவர். ஓட்டக் கற்றுக்கொண்டது அக்கா. நாங்கள் குடிவருவதற்கு முன்பே கணவர் காலமாகிவிட்டார். வண்டி மட்டும் நிற்கவில்லை. அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள் இருந்தார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பெரியவர், செம்பாக்கத்தில் தேவி என்று ஒரு பெண். இவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், முடிகிறவரை காத்திருந்து, வீட்டில் கொண்டுவந்து விடுவதை அக்கா தன் வேலையாக வைத்துக்கொண்டார். அதற்கு ஒரு விளக்கமும் அவர் சொன்னதில்லை.

ஆகவே அந்தத் தேய்ந்த பேட்டரியில் மிச்சமிருந்ததைக் காப்பாற்றுவது அவருக்கு விளையாட்டு அல்ல. எண்பதுக்கு மேல் ஏற்ற மாட்டார், இருபதுக்குக் கீழே விட மாட்டார். வேக சார்ஜர் பக்கமே போக மாட்டார். ஓடி வந்த வண்டியை உடனே சொருக மாட்டார். "மூச்சு வாங்கட்டும், அப்புறம் சோறு போடலாம்" என்பார். நிழலுக்காகச் சண்டை போடுவார். எங்கள் கட்டடத்தில் மதியத்துக்கு மேல் வெயில் படாத இடம் ஒன்றுதான் இருந்தது. அது சங்கத் தலைவரின் இடம். அவருடைய பெட்ரோல் கார் அங்கே மாதக்கணக்கில் உறைபோட்டுத் தூங்கும்.

தலைவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பயந்தவர். எங்கோ ஒரு மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து எரியும் வீடியோ அவர் போனுக்கு வந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே மொட்டை மாடியில் கூட்டம் போட்டுவிட்டார்.

"பில்டிங்குக்குக் கீழ சார்ஜிங் வேண்டாம். வெளில எத்தனையோ ஸ்டேஷன் வந்தாச்சு. அங்க போட்டுக்கட்டும். இது பர்சனல் இல்ல, சேஃப்டி."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். அக்கா பின்வரிசையில் இருந்து எழுந்தார்.

"சார், நீங்க பயப்படறது நாயம்தான். நானும் பயப்படறேன். தெனம் பயந்துகினுதான் கைய வெச்சுப் பாக்கறேன்."

தலைவர் இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்திருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெளில போடுன்னு சொன்னீங்கன்னா, தெனம் வேக சார்ஜ்தான் போடணும். இந்தக் கெழவண்டி ஆறு மாசத்துல உக்காந்துடும். நான் ரெண்டு பேர இட்டுகினு போறேன் சார். அவங்க ஒரு நாள் போகலைன்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு எது எது சரியில்லன்னு தோணுதோ சொல்லுங்க. அத்தனையும் மாத்தறேன். சொருகாதன்னு மட்டும் சொல்லாதீங்க."

கடைசியில் சொந்த ஒயர், சொந்த பிளக், எர்த் உள்ளவர்கள் மட்டும் போடலாம், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது, ஒரு தீயணைப்பான் வாங்கி மாட்ட வேண்டும் என்று முடிவானது. கூட்டம் கலையும்போது தலைவர் என்னிடம், "அந்த அம்மா என்னை எதிர்த்துப் பேசியிருந்தா ஜெயிச்சிருப்பேன்" என்றார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அக்காவால் எனக்கு நேர்ந்ததையும் சொல்லாவிட்டால் சித்திரம் முழுமையாகாது.

எண்பது என்பது அக்காவுக்கு ஒரு விதியாக இல்லாமல் ஒரு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது. யாருடைய வண்டியாக இருந்தாலும், கண்ணாடி வழியே எட்டிப் பார்த்து எண்பதைத் தொட்டிருந்தால் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவார். கேட்பதில்லை. நன்மைதானே செய்கிறோம் என்ற நினைப்பு.

என் பெரியப்பா மகனுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். அவனுக்குக் கூடப்பிறந்த சகோதரி கிடையாது. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சைப் போட வேண்டிய நாத்தனார் நான்தான். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காததால் முகூர்த்தத்தன்று விடியலில் கிளம்புவதாகத் திட்டம். நூறு வரை ஏற்றினால் வழியில் நிற்காமல் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, முந்தின நாள் வண்டியைச் சொருகியிருந்தேன்.

விடியலில் பட்டுப்புடவையோடு கீழே வந்து வண்டியைத் திறந்தால் எண்பதில் நின்றது. சுவிட்ச் அணைந்திருந்தது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு சார்ஜிங் நிலையத்தில் நிறுத்த வேண்டி வந்தது. எங்களுக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நின்றன. இருந்த இரண்டு சார்ஜர்களில் ஒன்று வேலை செய்யவில்லை. பெரியம்மா போன் மேல் போன் போட்டார். கடைசியாக வந்த போனில் பேச்சே கேட்கவில்லை, கெட்டிமேளம்தான் கேட்டது. மல்லிகைப் பூ வாடிக்கொண்டிருக்க, நான் அந்தச் சார்ஜர் பக்கத்தில் நின்று அழுதேன்.

திரும்பி வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். என்னவெல்லாம் கேட்டேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. கேட்டது எல்லாம் நியாயம்தான். கேட்டு முடித்து நான் மூச்சு வாங்கியபோது, "முடிச்ச யாரு போட்டாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"பெரியம்மா போட்டாங்க."

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் அவரைக் கீழே பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"உன் வண்டிக்கு ஒரு பொஸ்தகம் குடுத்திருப்பாங்களே, அத்தக் குடு."

வண்டியின் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் போகும் தன் அண்ணன் பேத்தியை வரவழைத்து, ஆங்கிலத்தைப் படிக்க வைத்துக் கேட்டிருக்கிறார். மறுபடி வந்தார்.

"உன் வண்டி பேட்டரி வேற ரகமாம். வாரத்துக்கு ஒரு தபா நூறு ஏத்தச் சொல்லி அவங்களே போட்டு கீறாங்க. நான் என் வண்டிய வெச்சுகினு எல்லா வண்டிக்கும் சட்டம் பேசிகினு இருந்திருக்கேன்." சற்று நிறுத்தி, "என் வண்டியா இருந்தாக் கூட, தூரமாப் போறப்ப கெளம்பறதுக்கு முன்னாடி நூறு ஏத்தலாம். ஏத்தி நாள்கணக்கா சும்மா நிறுத்தி வெக்கக் கூடாது, அவ்ளோதான். உன்னக் கேட்டிருக்கணும்" என்றார்.

புதுமணத் தம்பதியை விருந்துக்கு அழைத்தபோது அக்கா வடையும் பாயசமும் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் நாத்தனாரு வராததுக்கு நான்தாம்மா காரணம். நான்தான் சுவிட்ச அணச்சேன்" என்றார்.

அந்தப் பெண் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு தாலிச் சரட்டை வெளியே எடுத்துப் பார்த்து, "மாமியார் போட்டது நல்லா கெட்டியாத்தான் இருக்குங்க. நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்றாள். அக்கா அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்தார். என் கோபமும் அன்றைக்குத்தான் முழுதாக இறங்கியது.

அதன் பிறகு அவர் சுவிட்சைத் தொடுவதை விட்டார். பதிலாகச் சாயங்காலமானால் வீடு வீடாக வந்து, "நாளைக்கு எங்கியாவது தூரமாப் போறியா?" என்று கேட்க ஆரம்பித்தார். அது முன்னதைவிடப் பெரிய பேஜார். ஆனால் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பிறகு அந்தப் புயல் மழை வந்தது.

மழை வரப்போகிறது என்று செய்தியில் சொன்ன அன்றே அக்கா தன் வண்டியை நூறு வரை ஏற்றினார். கட்டடமே வேடிக்கை பார்த்தது. "என்னக்கா, எண்பது போதும்பீங்களே?" என்று நானே கேட்டேன். "கரண்ட் போனா எங்க போய் நிப்பேன்? இன்னிக்கு நூறுதான்" என்றார்.

கரண்ட் போனது. மாடம்பாக்கத்தில் எங்கள் தெரு மேடு, தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்து சாலைகளில் ஓடுவதாகச் சொன்னார்கள். என் கணவர் வேலையாகப் பெங்களூர் போனவர் வண்டியோடு அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் காலையில் அக்கா என் கதவைத் தட்டினார்.

"தேவியோட அம்மா போன் பண்ணாங்க. காலெல்லாம் வீங்கிக் கீதாம். மூச்சு வாங்குதாம். ஆம்புலன்ஸ் எப்ப வரும்னு தெரியாதுங்கறாங்க. நேத்தே போயிருக்கணும். நீ கூட வர்றியா? எனக்கு ஒரு ஆள் வேணும்."

"நான் வந்து என்னக்கா பண்ணப் போறேன்?"

"நீ முன்னாடி நடக்கணும்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். செம்பாக்கத்தில் தேவியின் தெருவுக்குத் திரும்பும் இடத்தில்தான் புரிந்தது. சாலை தெரியவில்லை. பழுப்பு நிறத் தண்ணீர் அசைந்துகொண்டிருந்தது. அக்கா வண்டியை நிறுத்தினார்.

"பேட்டரிய கம்பெனிக்காரன் மூடித்தான் வெச்சிருக்கான், தண்ணி உள்ள போவாதுன்னு சொல்றான். ஆனா டயர் பாதிக்கு மேல தண்ணின்னா நான் எறங்கமாட்டேன். பாதி வழியில நின்னா அந்தப் பொண்ண யாரு தூக்கறது? நீ நட. முழங்காலுக்குக் கிட்ட வந்துச்சுன்னா கையக் காட்டு."

குடையை மடக்கி ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். எங்கே சாக்கடை, எங்கே பள்ளம் என்று எதுவும் தெரியாது. குடை நுனியால் தொட்டுத் தொட்டு நடந்தேன். பின்னால் அந்த வெள்ளை வண்டி சத்தமே இல்லாமல், நடக்கிற வேகத்தில் வந்தது. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் அக்காவின் முகம், கண் என் முழங்கால் மேல். ஓரிடத்தில் தண்ணீர் ஏறியது. கையைக் காட்டினேன். அவர் பின்னால் எடுத்து, மேடான வேறொரு சந்தைப் பிடித்தார்.

தேவியையும் அம்மாவையும் பின் இருக்கையில் உட்கார வைத்தோம். தேவி ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. முப்பது வயதுகூட இருக்காது. முகம் உப்பி, உதடு வெளுத்து, ஒவ்வொரு மூச்சையும் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அஸ்தினாபுரம் வழியாகப் போனால் பக்கம். ஆனால் அங்கே இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். கேம்ப் ரோடு போய், தாம்பரம் பாலம் ஏறி, ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

கண்ணாடியில் ஆவி படிந்தாலும் அக்கா ஏசியைப் போடவில்லை. நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். "வேகமாப் போகலாமே அக்கா" என்றேன். தேவியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்கச் சகிக்கவில்லை.

"போகணும். திரும்பி வரவும் சார்ஜ் வேணும். நாளைக்கு ராஜகீழ்ப்பாக்கத்துக்காரரு கீறாரு."

ஆஸ்பத்திரி வாசலில் தேவியைச் சக்கர நாற்காலியில் ஏற்றும்போது அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். "பேசாத. உள்ள போ" என்றார் அக்கா. அவளைக் கொண்டுபோன பிறகு வாசல் தூணில் சாய்ந்துகொண்டார். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவர் கணவரை எத்தனை முறை இந்த வாசலுக்குக் கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

சாயங்காலம் தேவியை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினோம். அவள் மூச்சு சீராகியிருந்தது. வண்டியில் சார்ஜ் அக்கா எப்போதும் விடாத இருபதுக்குக் கீழே போயிருந்தது. கரண்ட் வரவில்லை. மறுநாள் பெரியவரை எப்படிக் கூட்டிப்போவது என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு தலைவர் இறங்கி வந்தார்.

"லிஃப்ட் ஜெனரேட்டர்ல போட முடியுமா?" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார். "போடலாம் சார். ஆனா லிஃப்ட்டு ஓடாது. அதுக்கும் எர்த் கட்டணும், இல்லாங்காட்டி வண்டி எடுத்துக்காது."

"லிஃப்ட் என்னங்க லிஃப்ட். நான் ஏறி இறங்கிக்கறேன். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்க."

எலக்ட்ரீஷியன் நனைந்துகொண்டே வந்து கட்டிக் கொடுத்தார். தலைவர் தன் பெட்ரோல் காரை மழையில் நகர்த்திவிட்டு அந்த நிழல் இடத்தைக் காலி செய்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு, சார்ஜர் விளக்கின் நிறம் மாறும்போதெல்லாம் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதற்கடுத்த நாள் கரண்ட் வந்தது. நிழல் இடத்தைத் தலைவர் திரும்பக் கேட்கவில்லை, அக்காவின் வண்டி அங்கேயே நின்றது.

பிறகு தேவிக்கு அவள் அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக ஒரு குடும்பம் மின்சாரக் காரோடு வந்தது. நானும் அக்காவும் பேசிக்கொண்டே அந்த வண்டியைக் கடந்தபோது, வழக்கம்போல அவர் புறங்கையைப் பிளக்கின் மேல் வைத்தார்.

"சரியாத்தான் கீது" என்றார்.

எனக்குப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. நான் தொட்டேன். சுரீரென்றது. கையை உதறிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். அக்கா என் கையைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் புறங்கையில் சிவப்பாகத் தடம் எழுந்துகொண்டிருந்தது.

"எனக்குத் தெரியலியே கண்ணு" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

பல வருஷச் சர்க்கரை. நரம்புகள் மரத்துவிட்டன என்றார் டாக்டர். கையைவிடக் கால்கள் மோசம். வீட்டுக்கு வந்த அக்கா சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"பிரேக்குல கால் கீதா இல்லியான்னே தெரியாம எப்டி ஓட்டுவேன்? பின்னாடி உக்காந்துகினு வர்றவங்க ஏற்கெனவே பாதி உயிரா வர்றவங்க."

யாரும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. அவரே அன்றோடு நிறுத்தினார். சனிக்கிழமைகளில் நான் ஓட்டுவதாகச் சொன்னேன். மற்ற நாட்களுக்குத் தலைவர் தன் காரின் உறையைக் கழற்றினார். அக்கா கூடுவாஞ்சேரியில் தங்கை வீட்டோடு போவதென்று முடிவானது. அங்கே கார் நிறுத்த இடமில்லை. வண்டியை விற்க வேண்டும்.

மணப்பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்ப்பதுபோல அக்கா ஆள் பார்த்தார். முதலில் வந்தவர், பல்லாவரத்தில் டாக்ஸி ஓட்டுகிறவர். கூட வந்த மெக்கானிக் கருவியைச் சொருகிப் பேட்டரியைச் சோதித்துவிட்டு, "எப்ப வாங்குனீங்க? வாங்கினப்பவே தேஞ்ச வண்டின்னீங்க. அதுக்கப்புறம் பெரிசா ஒண்ணும் தேயலியே" என்று ஆச்சரியப்பட்டார். அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனால் டாக்ஸிக்காரர், "வேக சார்ஜ்ல போட்டு ஓட்டிட்டே இருக்க வேண்டியதுதான்" என்றதும் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்தவரிடம் வீட்டில் நிழல் இருக்கிறதா என்றார். மொட்டை வெயில் என்றார் அவர். மூன்றாவது ஆள் தனக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னதாலேயே அக்காவிடம் தேறவில்லை.

கடைசியில் ஓர் இளைஞன் தன் மனைவியோடு வந்தான். அவள் நிறைமாதம். அக்காவின் கேள்விகளுக்கெல்லாம் அவன் முழித்தான்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஆன்ட்டி. இவளுக்கு பஸ்ல போனா வாந்தி வருது. டெலிவரிக்கு, செக்கப்புக்குப் போக வேணும். நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னா அப்படியே பண்றோம்."

அக்கா அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். "இதுல வராது. தூங்கிகினே போவ" என்றார்.

வண்டி போன நாளில் நான் அக்காவோடு கேட் அருகில் நின்றேன். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்து அவனுக்கு எல்லாம் மறுபடி சொன்னார். எண்பது, இருபது, எர்த், நிழல். பெண்ணிடம் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே போடச் சொன்னார். வண்டி நகர்ந்தது. தெருவில் காய்கறி வண்டியும் ஓர் ஆட்டோவும் குறுக்கே வந்தன. அக்காவுக்குக் கண்ணில் நீர் கோத்திருந்ததால் பார்க்க முடியவில்லை. வண்டியோ சத்தம் போடுகிற வண்டி அல்ல.

"போயிட்டானா?" என்றார்.

"கோயில் தெரு திரும்பிட்டாங்கக்கா."

"மெதுவாத் திருப்பனானா?"

"மெதுவாத்தான்."

அக்கா தலையாட்டினார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காலி எடம். தலைவர நிழல்ல கொண்டாந்து விடச் சொல்லு. வெயில்ல நிக்குது பாரு அவுரு வண்டி" என்றபடி படியேறினார்.